சிவிலைசேஷன் 6: 350 டர்ன் இழுக்கிற ஆட்டத்தை 200-க்குள் முடிப்பது எப்படி

சிவிலைசேஷன் 6 என்பது டர்ன் டர்னாக (முறை முறையாக) ஒரு நாட்டை வளர்த்து ஜெயிக்கிற கணினி ஆட்டம். அதை ஆடும் ஒருவரின் கேள்வி சுருக்கமாக இதுதான்: "சிவிலைசேஷன் 6-இல் பிரின்ஸ், கிங் என்ற நடுத்தரக் கடின லெவல்களில் ஜெயித்துவிடுகிறேன். ஆனால் ஒவ்வொரு முறையும் 350 டர்ன் தாண்டிவிடுகிறது. 200 டர்னுக்குள் முடிப்பவர்கள் அப்படி என்னதான் செய்கிறார்கள்?"

நல்ல கேள்வி, ஏனென்றால் நானும் நீண்ட நாள் அதே இடத்தில்தான் மாட்டிக்கொண்டிருந்தேன். முதலில் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆட்டத்தின் வேகம் என்ன? ஸ்டாண்டர்ட் வேகத்தில் மொத்தம் 500 டர்ன், ஆன்லைன் வேகத்தில் 250, குயிக்கில் 330, எபிக்கில் 750, மாரத்தானில் 1500. யாராவது "150-இல் முடித்தேன்" என்று சொன்னால் எந்த வேகத்தில் என்று கேட்டுக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. நான் கீழே சொல்வதெல்லாம் ஸ்டாண்டர்ட் வேகம், கேதரிங் ஸ்டார்ம் என்ற விரிவாக்கப் பதிப்பைச் சேர்த்த ஆட்டம் என்று வைத்துக்கொண்டு படியுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். 350 டர்ன் ஆகிறது என்றால் அறிவியல் வெற்றிக்கு ராக்கெட் விடுகிற கடைசி இடத்தில் ஏதோ தவறு நடக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் தாமதம் அங்கே இல்லை, முதல் 100 டர்னிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. 100-ஆவது டர்னில் உங்களிடம் எத்தனை நகரம் இருந்தது என்று பழைய சேவ் ஒன்றைத் திறந்து பாருங்கள். 4 அல்லது 5 இருந்திருக்கும், கூடவே இரண்டு மூன்று வொண்டரும் (உலக அதிசயக் கட்டடம்) நிற்கும். வேகமாக முடிப்பவர்களிடம் அந்த நேரத்தில் 10 நகரம் இருக்கும். "100 டர்னுக்குள் 10 நகரம்" என்பது இந்த ஆட்டத்தை ஆடுபவர்கள் நடுவே ரொம்ப நாளாகப் புழங்குகிற கணக்கு. நானும் அதையே அளவுகோலாக வைத்திருக்கிறேன்.

இந்தச் சில நகரப் பழக்கம் பலருக்கு 2010-இல் வந்த சிவிலைசேஷன் 5-இலிருந்து வந்தது. அங்கே நகரம் கூடக் கூட ஒவ்வொரு டெக்கின் (தொழில்நுட்பத்தின்) விலையும் ஏறும், அதனால் நாலு நகரத்தை நன்றாக வளர்த்து உட்காருவதே சரியான ஆட்டம். 6-இல் அந்தத் தண்டனை கிடையாது. ஒரு நகரத்தில் ஒரு வகை டிஸ்ட்ரிக்ட் (ஒரு துறைக்கான நகரப் பகுதி) ஒன்றுதான் கட்ட முடியும் என்பதால், இரண்டாவது கேம்பஸ் (அறிவியல் டிஸ்ட்ரிக்ட்) வேண்டுமென்றால் இரண்டாவது நகரம் வேண்டும். அதோடு சிட்டி ஸ்டேட் (கணினி ஆடும் ஒற்றை நகரக் குட்டி நாடு) போனஸையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு அறிவியல் சிட்டி ஸ்டேட்டுக்கு 3 தூதர் அனுப்பினால் உங்கள் கேம்பஸ்களில் உள்ள ஒவ்வொரு லைப்ரரிக்கும் 2 அறிவியல் கூடுகிறது. லைப்ரரி 4 இருந்தால் 8, லைப்ரரி 12 இருந்தால் 24, ஆனால் அனுப்பிய தூதர் அதே 3 பேர்தான். இப்படி இந்த ஆட்டத்தில் கிட்டத்தட்ட எல்லா போனஸும் நகர எண்ணிக்கையோடு பெருக்கல் ஆகிறது.

அதனால் முதல் 100 டர்னில் புது நகரம் நிறுவும் செட்லர்தான் பிரதான வேலை. என் வழக்கமான வரிசை: ஸ்கவுட் (சுற்றிப் பார்த்து வருபவர்), ஸ்லிங்கர் (கவண் வீரர்), செட்லர், இன்னொரு செட்லர், அப்புறம் பில்டர் (பண்ணை, சுரங்கம் அமைப்பவர்). பக்கத்தில் பார்பேரியன் (எந்த நாட்டையும் சேராத கொள்ளைக் கூட்டம்) முகாம் இருந்தால் ஸ்லிங்கர் இரண்டாகும். பார்பேரியன் ஸ்கவுட் உங்கள் நகரத்தைப் பார்த்துவிட்டு முகாமுக்குத் திரும்பினால்தான் படை கிளம்பும், அந்த ஸ்கவுட்டை வழியிலேயே அடித்துவிட்டால் பத்து இருபது டர்ன் தலைவலி மிச்சம். இதைச் செய்யாமல் விட்டு, கட்டிய பண்ணைகளும் சுரங்கங்களும் நாசமான ஆட்டங்கள் எனக்கு எத்தனையோ.

செட்லரின் விலை 80 உற்பத்தியில் தொடங்கி ஒவ்வொன்றுக்கும் 30 ஏறிக்கொண்டே போகும், அதனால் தள்ளுபடிகளைச் சீக்கிரம் பிடிப்பது முக்கியம். எர்லி எம்பயர் சிவிக் (கலாசாரத்தால் வாங்கும் முன்னேற்றம்) முடித்தால் காலனைசேஷன் கார்டு (அரசாங்கக் கொள்கை) கிடைக்கும், செட்லருக்கு 50% கூடுதல் உற்பத்தி. அந்தச் சிவிக்குக்கான இன்ஸ்பிரேஷன் (விலையைக் குறைக்கும் சின்ன இலக்கு) மொத்த மக்கள்தொகை 6 ஆவதுதான், இரண்டு நகரம் இருந்தாலே தானாக வந்துவிடும். அடுத்து கவர்ன்மென்ட் பிளாசா டிஸ்ட்ரிக்டில் ஆன்செஸ்ட்ரல் ஹால் கட்டினால் அந்த நகரத்தில் செட்லருக்கு இன்னொரு 50%, புதிதாக நிறுவும் ஒவ்வொரு நகரத்துக்கும் ஒரு பில்டர் இலவசம். செட்லர் வெளியே போகும்போது நகரத்தின் மக்கள்தொகை ஒன்று குறையும் அல்லவா, மேக்னஸ் கவர்னருக்கு ப்ரொவிஷன் ப்ரமோஷன் கொடுத்து அதே நகரத்தில் உட்கார வைத்தால் அதுவும் குறையாது. இந்த மூன்றும் ஒரே நகரத்தில் சேர்ந்துவிட்டால் அது செட்லர் தொழிற்சாலை மாதிரிதான். மற்ற நகரங்கள் தங்கள் கேம்பஸ் வேலையைப் பார்க்கலாம்.

நகரங்களை எவ்வளவு நெருக்கமாக வைப்பது? நடுவில் 3 கட்டம் விட்டால் போதும் என்பது விதி, நான் பெரும்பாலும் அந்த அளவுக்கே நெருக்கமாக வைக்கிறேன். ஒரு நகரம் 36 கட்டத்தையும் பயன்படுத்தப் போவதில்லை, 7 மக்கள்தொகை வந்து மூன்று டிஸ்ட்ரிக்ட் கட்டினாலே அது தன் வேலையைச் செய்துவிட்டது. மக்கள்தொகை 1, 4, 7, 10 என்று ஏறும்போதுதான் அடுத்த டிஸ்ட்ரிக்ட் கட்ட இடம் கிடைக்கும். 7-க்கு வருவது எளிது, அதற்கு மேல் வீட்டு வசதி, அமெனிட்டி (மக்களின் மகிழ்ச்சிக்கான வசதி) என்று செலவு இழுக்கும். அதனால் 15 மக்கள் உள்ள ஒரு நகரத்தைவிட 7 மக்கள் உள்ள இரண்டு நகரங்கள் எனக்கு எப்போதும் மேல். நன்னீர் பக்கத்தில் நகரம் வைத்தால் தொடக்க வீட்டு வசதி 5, கடலோரம் 3, தண்ணீரே இல்லாத இடம் 2. முதல் நாலைந்து நகரத்தை மட்டும் ஆற்றோரம் பார்த்து வையுங்கள், அதற்குப் பிறகு வரும் நகரங்களுக்கு இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை.

ஃபெய்த் (மதப் புள்ளி) கொஞ்சம் சேர்க்கிற நாடாக இருந்தால் இன்னொரு வழியும் இருக்கிறது. கிளாசிக்கல் யுகத்துக்குள் நுழையும்போது பொற்காலம் கிடைக்கும்படி எரா ஸ்கோர் (யுகச் சாதனைப் புள்ளி) சேர்த்துக்கொண்டு, மான்யுமென்டாலிட்டி என்ற பொற்காலப் பலனைத் தேர்ந்தெடுத்தால் செட்லரையும் பில்டரையும் ஃபெய்த் கொடுத்தே வாங்கலாம். ஒரு ஹோலி சைட் (மத டிஸ்ட்ரிக்ட்) நல்ல மலையடிவாரத்தில் அமைந்து இது நடந்துவிட்டால், நகரங்கள் வேறு எதையோ கட்டிக்கொண்டிருக்கும்போதே நாடு தானாக விரியும். 10 நகரத்தை 80-ஆவது டர்னிலேயே தொட்ட என் ஆட்டங்களில் பெரும்பாலானவை இப்படி வந்தவைதான்.

அடுத்தது காடு வெட்டுவது, அதாவது பில்டரை வைத்துக் காட்டை அழித்து உற்பத்தியை ஒரேயடியாக எடுப்பது. இதைச் சொன்னால் பலருக்கு மனசு வராது. காடு என்றால் அழகு, லம்பர் மில் வைத்தால் டர்னுக்குக் கொஞ்சம் உற்பத்தி வரும், எதற்கு அழிக்க வேண்டும் என்பார்கள். வேகமாக ஜெயிக்க வேண்டுமென்றால் இந்த எண்ணத்தைத்தான் முதலில் விட வேண்டும். 40-ஆவது டர்னில் ஒரு காட்டை வெட்டி ஐந்து டர்ன் முன்னதாக ஒரு செட்லரை எடுத்தால், அந்த நகரம் ஐந்து டர்ன் முன்னதாகப் பிறக்கிறது, அதன் கேம்பஸும் லைப்ரரியும் முன்னதாக வருகின்றன, அங்கிருந்து வரும் அறிவியல் அடுத்த டெக்கை முன்னதாகத் தருகிறது. லம்பர் மில் 150 டர்ன் கழித்துத் திருப்பித் தரும் உற்பத்திக்கு அந்த நேரத்தில் மதிப்பு ஒன்றுமே இருக்காது, ஏனென்றால் ஆட்டம் முடியப் போகிறது. மேக்னஸ் உட்கார்ந்திருக்கும் நகரத்தில் வெட்டினால் 50% கூடுதல். காலனைசேஷன் கார்டு மாதிரியான சதவீத போனஸ் வெட்டிய உற்பத்திக்கும் பொருந்தும் என்பதையும் மறக்காதீர்கள். காட்டுக்கு மைனிங், மழைக்காட்டுக்கு பிரான்ஸ் வொர்க்கிங், சதுப்பு நிலத்துக்கு இரிகேஷன் டெக் வேண்டும். எப்படியும் ஒரு டிஸ்ட்ரிக்ட் வரப்போகிற கட்டத்தில் காடு இருந்தால் டிஸ்ட்ரிக்டை வைப்பதற்கு முன்பே வெட்டிவிட வேண்டும், வைத்துவிட்டால் காடு போய்விடும், கையில் ஒன்றும் வராது.

பில்டருக்குச் சாதாரணமாக 3 சார்ஜ், அதாவது மூன்று வேலை செய்யலாம். ஃபியூடலிசம் சிவிக்கில் வரும் செர்ஃப்டம் கார்டைப் போட்ட பிறகு கட்டும் பில்டர்களுக்கு 5. இது பாதி ஆட்டத்தையே தூக்கி நிறுத்துகிற கார்டு. ஃபியூடலிசத்தின் இன்ஸ்பிரேஷன் 6 பண்ணை அமைப்பது. நான் அதற்காகவே பண்ணைகளை முன்கூட்டி முடித்துவிட்டு, கார்டு வந்ததும் எல்லா நகரத்திலும் ஒரே நேரத்தில் பில்டர் வரிசை போடுவேன்.

டிஸ்ட்ரிக்ட் விலையைப் பற்றி ஒரு விஷயம், இதைத் தெரியாமலே ஆயிரம் மணி நேரம் ஆடியவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் முடிக்கும் டெக், சிவிக் எண்ணிக்கை ஏற ஏற டிஸ்ட்ரிக்ட் விலையும் ஏறும். ஆனால் ஒரு டிஸ்ட்ரிக்டை வரைபடத்தில் வைத்த கணத்தில் அதன் விலை அப்படியே உறைந்துவிடும், கட்டி முடிக்க வேண்டும் என்று அவசியமில்லை. அதனால் புது நகரம் நிறுவிய அதே டர்னில் கேம்பஸை வைத்துவிட்டு, அடுத்த நொடியே உற்பத்தியை மான்யுமென்டுக்கோ பில்டருக்கோ மாற்றிக்கொள்ளலாம். 60 டர்ன் கழித்து வந்து கட்டினாலும் பழைய விலைதான். நகரம் 4 மக்கள் தொட்டதும் அடுத்ததை வைத்துவிடுங்கள், 7 வந்ததும் மூன்றாவது. இந்த ஒரு பழக்கம் மட்டுமே என் ஆட்டத்தில் 20 டர்னுக்கு மேல் குறைத்தது.

கேம்பஸ் வைக்கும்போது பக்கத்துக் கட்டங்களைப் பாருங்கள். மலை ஒவ்வொன்றுக்கும் 1 அறிவியல், வெந்நீர் ஊற்றுப் பிளவுக்கும் பவளப் பாறைக்கும் 2 வீதம், மழைக்காடும் மற்ற டிஸ்ட்ரிக்டுகளும் இரண்டுக்கு 1. மேப் பின் வைத்து முன்கூட்டியே திட்டம் போட்டால் நல்லதுதான், ஆனால் +4 இடம் கிடைக்கவில்லை என்று கேம்பஸ் கட்டாமல் காத்திருக்க வேண்டாம், +1 கேம்பஸிலும் லைப்ரரியும் யுனிவர்சிட்டியும் அதே அறிவியலைத்தான் தரும்.

யுரேக்காவும் (டெக்குக்கான இன்ஸ்பிரேஷன் மாதிரி) இன்ஸ்பிரேஷனும் டெக்கின், சிவிக்கின் விலையில் 40% தருகின்றன. இதை அப்படியே கணக்காக மாற்றிப் பாருங்கள்: எல்லா யுரேக்காவையும் பிடிப்பவர் 60 அறிவியலில் வாங்குவதை, ஒன்றும் பிடிக்காதவர் 100 கொடுத்து வாங்குகிறார். அதனால் யுரேக்கா வராத டெக்கை 60% வரை ஓட்டிவிட்டு நிறுத்தி, வேறொன்றுக்கு மாறிவிட வேண்டும். யுரேக்கா வந்ததும் அது தானாக முடிந்துவிடும். ஸ்லிங்கரால் ஒரு எதிரியைக் கொன்றால் ஆர்ச்சரி, மூன்று சுரங்கம் அமைத்தால் அப்ரன்டிஸ்ஷிப், மூன்று ஆர்ச்சர் வைத்திருந்தால் மெஷினரி, மூன்று சிட்டி ஸ்டேட்டைச் சந்தித்தால் பொலிட்டிகல் ஃபிலாசஃபி. கடைசியாகச் சொன்னதுதான் கிளாசிக்கல் யுக அரசாங்கங்களைத் திறக்கிறது, அதற்காகவே தொடக்கத்தில் ஸ்கவுட்டை வீட்டைச் சுற்ற விடாமல் தொலைவுக்கு அனுப்ப வேண்டும். ஒரு சிட்டி ஸ்டேட்டை முதலில் சந்திப்பவருக்கு ஒரு தூதர் இலவசம் என்பது அதன் மேல் கிடைக்கிற லாபம்.

தங்கம். கணினி ஆடும் நாடுகள் உங்கள் உபரியை நன்றாக விலை கொடுத்து வாங்கும். ஒரே லக்சரி (ஆடம்பரப் பொருள்) உங்களிடம் இரண்டு இருந்தால் இரண்டாவதால் உங்களுக்கு ஒரு அமெனிட்டியும் வராது, அதை விற்றுவிடுங்கள். டிப்ளமாட்டிக் ஃபேவர் (ராஜதந்திரப் புள்ளி) டர்னுக்கு டர்ன் சும்மா சேரும், டிப்ளமாட்டிக் வெற்றிக்குப் போகவில்லை என்றால் அதையும் விற்றுவிடலாம். இருபது டர்னுக்கு ஒருமுறை எல்லாத் தலைவர்களையும் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். வந்த தங்கத்தைச் சேர்த்துவைக்காமல் உடனே பில்டராகவும் லைப்ரரியாகவும் மாற்றுங்கள். 2000 தங்கத்தோடு ஆட்டத்தை ஜெயித்தால் அந்த 2000-மும் எங்கேயோ தாமதமாகிப் போன டர்ன்கள்தான்.

இப்போது எதைக் கட்டக் கூடாது என்று பார்ப்போம், என்னைப் பொறுத்தவரை இதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமான பகுதி. வொண்டர். நான் ஒரு காலத்தில் ஸ்டோன்ஹெஞ்ச், ஹேங்கிங் கார்டன்ஸ், கிரேட் லைப்ரரி என்று ஒன்றையும் விடமாட்டேன். பார்க்க அழகு, கட்டி முடியும்போது வரும் காட்சி இன்னும் அழகு. ஆனால் தொடக்க காலத்தில் ஒரு வொண்டருக்குச் செலவாகும் உற்பத்தியில் இரண்டு செட்லர் வந்துவிடும், அதிலும் பாதி கட்டும்போது வேறு யாராவது முடித்துவிட்டால் போச்சு. இப்போது நான் ஒரு ஆட்டத்துக்கு ஒன்று அல்லது இரண்டுதான் கட்டுகிறேன். பில்டருக்கு ஒரு சார்ஜ் கூட்டித் தரும் பிரமிட்ஸ் பாலைவனம் பக்கத்தில் இருந்தால் கட்டுவேன், மிச்சமெல்லாம் வரப்போகிற வெற்றிக்கு நேரடியாக உதவினால் மட்டும்தான். அதேபோலத் தேவையில்லாத கிரானரி, யாரும் தாக்காத நகரத்துக்குச் சுவர், ஆறு டிஸ்ட்ரிக்டையும் நிரப்ப வேண்டும் என்ற ஆசை, இவையெல்லாம் சின்னச் சின்னதாகச் சேர்ந்து 50 டர்னைச் சாப்பிடும்.

பக்கத்து நாட்டைத் தொடக்கத்திலேயே பிடிப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அமைதியாக ஆடுபவர்களும் இதை ஒருமுறையாவது முயன்று பார்க்க வேண்டும். மூன்று செட்லர் கட்டுகிற செலவில் நாலைந்து ஆர்ச்சரும் இரண்டு வாரியரும் வரும், அவர்கள் பக்கத்து நாட்டின் தலைநகரத்தையும் இன்னொரு நகரத்தையும் பிடித்துவிட்டால் நல்ல நிலம், தயாரான மக்கள்தொகை, சில சமயம் கட்டி முடித்த டிஸ்ட்ரிக்ட், எல்லாம் சேர்ந்து வரும். சுவர் எழும்புவதற்கு முன்பே போக வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். சுவர் வந்துவிட்டால் ஆர்ச்சர் அடி உறைக்காது, சுவரை இடிக்கும் பேட்டரிங் ராம் கூடக் கூட்டிப்போக வேண்டியிருக்கும். நகரத்தின் எல்லாப் பக்கமும் உங்கள் படையின் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டால் அது தன்னைக் குணப்படுத்திக்கொள்ளாது, ஆகவே ஆர்ச்சர்களை ஒரே பக்கம் குவிக்காமல் சுற்றி நிறுத்துங்கள். அகோகி கார்டு ஆர்ச்சருக்கும் வாரியருக்கும் 50% உற்பத்தி கூட்டும். மிகக் கடினமான டெய்ட்டி லெவலில் கணினி 3 செட்லரோடும் 5 வாரியரோடும் தொடங்கும், சண்டையில் கூடுதல் பலமும் உண்டு, அங்கே இதைச் செய்யக் கொஞ்சம் கை பழக வேண்டும். பிரின்ஸ், கிங்கில் கிட்டத்தட்ட எப்போதும் பலிக்கும். பிடித்த நகரம் லாயல்டி (விசுவாசம்) குறைந்து கலகம் செய்யாமல் இருக்க, ஒரு கவர்னரை அனுப்பி, படை ஒன்றை உள்ளேயே நிறுத்துங்கள்.

இந்த ஆட்டத்தில் அறிவியல், கலாசாரம், மதம், படையெடுப்பு, டிப்ளமாட்டிக் என்று பல வழிகளில் ஜெயிக்கலாம். எந்த வெற்றி என்பதை 50, 60-ஆவது டர்னிலேயே முடிவு செய்துவிட வேண்டும். நிலத்தைப் பார்த்து, அண்டை நாடுகளைப் பார்த்து, ஒன்றைப் பிடித்துக்கொண்டு மாறாமல் போவது. 200-ஆவது டர்னில் "கலாசாரமா, அறிவியலா" என்று யோசித்துக்கொண்டிருந்தால் இரண்டுமே 300 தாண்டும்.

அறிவியல் வெற்றிதான் பெரும்பாலானவர்கள் போகும் வழி. இதில் கடைசிக் கட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. செயற்கைக்கோள், நிலவுப் பயணம், செவ்வாய்க் குடியிருப்பு எல்லாம் முடித்து வேற்றுக்கோள் பயணத்தை ஏவிய பிறகு அந்தக் கலம் 50 ஒளியாண்டு போக வேண்டும், டர்னுக்கு 1 ஒளியாண்டு. சும்மா விட்டால் 50 டர்ன். லேசர் ஸ்டேஷன் ப்ராஜெக்ட் ஒவ்வொன்றும் டர்னுக்கு 1 ஒளியாண்டு கூட்டும், அதை எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம், எத்தனை ஸ்பேஸ்போர்ட் (ராக்கெட் ஏவும் டிஸ்ட்ரிக்ட்) இருக்கிறதோ அத்தனையிலும் ஒரே நேரத்தில் செய்யலாம். நாலு லேசர் இருந்தால் டர்னுக்கு 5, அதாவது 10 டர்னில் போய்ச் சேரும். அதனால் ஒரே ஸ்பேஸ்போர்ட்டோடு நிறுத்தாமல் மூன்று நாலு கட்டுங்கள், லேசரைத் திறக்கும் ஆஃப்வேர்ல்ட் மிஷன் டெக்கை மறந்துவிடாதீர்கள். ஸ்பேஸ்போர்ட்டின் விலை 1800 உற்பத்தி. இதற்காகவே ஒரு நகரத்தைச் சுற்றி ஏழெட்டுக் காட்டை வெட்டாமல் விட்டுவைப்பேன், ராக்கெட்ரி முடிவதற்கு ஐந்து டர்ன் முன்னால் மேக்னஸை அங்கே மாற்றி, பில்டர்களையும் கொண்டுபோய் நிறுத்தி, டெக் வந்ததும் இரண்டு மூன்று டர்னில் மொத்தமும் வெட்டிக் கட்டிவிடுவேன். மற்ற காடுகளை 40-இல் வெட்டச் சொன்னவன் இதை மட்டும் ஏன் விட்டுவைக்கிறேன் என்றால், நீங்கள் முடித்த டெக், சிவிக் எண்ணிக்கை ஏற ஏற வெட்டினால் வரும் உற்பத்தியும் ஏறும், ராக்கெட்ரி காலத்தில் ஒரு காடு தருவது பெரிய தொகை.

இன்னொன்று, கவர்ன்மென்ட் பிளாசாவின் கடைசிக் கட்டடமாக ராயல் சொசைட்டியைத் தேர்ந்தெடுத்தால் பில்டர் தன் சார்ஜைக் கொடுத்து டிஸ்ட்ரிக்ட் ப்ராஜெக்டை முன்னே தள்ளலாம், சார்ஜ் ஒன்றுக்கு 2%. 5 சார்ஜ் பில்டர் ஒருவர் 10%. கையில் ஃபெய்த்தோ தங்கமோ குவிந்திருந்தால் அதை விண்வெளிப் போட்டியில் இறக்க இதைவிட நேரான வழி கிடையாது.

கலாசார வெற்றி கொஞ்சம் புரியாத மாதிரி இருக்கும், ஆனால் கணக்கு எளிது. உங்கள் நாட்டுக்கு வரும் சுற்றுலாப் பயணிகள், மற்ற ஒவ்வொரு நாட்டின் உள்நாட்டுச் சுற்றுலாப் பயணிகளைவிட அதிகமாக இருக்க வேண்டும். ஒரு நாடு ஆட்டம் முழுக்கச் சேர்த்த கலாசாரத்தில் ஒவ்வொரு 100-க்கும் ஓர் உள்நாட்டுப் பயணி. அதாவது உங்களைத் தடுப்பது ஒரே ஒரு நாடுதான், கலாசாரத்தில் முன்னால் நிற்கிற நாடு. அந்த நாட்டோடு திறந்த எல்லை ஒப்பந்தம் போட்டால் சுற்றுலா 25% கூடும், வணிகப் பாதை அனுப்பினால் இன்னொரு 25%. எல்லாரோடும் இந்த இரண்டும் இருக்கிறதா என்று கவனியுங்கள், மறந்துபோய் 30 டர்ன் வீணாவது சர்வசாதாரணம். ஃபெய்த்தையும் சேர்த்துக்கொண்டே வாருங்கள். கன்சர்வேஷன் சிவிக் வந்ததும் நேச்சுரலிஸ்ட் வாங்கித் தேசியப் பூங்கா, கோல்ட் வார் சிவிக் வந்ததும் ராக் பேண்ட், சுற்றுலாவைக் கூட்டும் இந்த இரண்டுக்கும் ஃபெய்த்தான் பணம். முன்னால் நிற்கும் அந்த ஒரு நாடு பக்கத்திலேயே இருந்தால் அதன் மேல் படையெடுத்து முடித்துவிடுவதும் கலாசார வெற்றிக்கு ஒரு வழிதான், நான் இரண்டு மூன்று முறை அப்படி முடித்திருக்கிறேன்.

மத வெற்றி சின்ன வரைபடத்தில் எல்லாவற்றையும்விட வேகம். ஒவ்வொரு நாட்டிலும் பாதிக்கு மேற்பட்ட நகரங்கள் உங்கள் மதத்துக்கு வந்தால் போதும். அஸ்ட்ராலஜி முதலில், ஹோலி சைட் முதலில், மதம் நிறுவியதும் ஹோலி ஆர்டர் நம்பிக்கையை எடுத்தால் மதம் பரப்பும் மிஷனரியும் அப்போசலும் 30% மலிவு, மசூதிக் கட்டடம் எடுத்தால் பரப்பும் சார்ஜ் ஒன்று கூடும். இரண்டு பேராக அனுப்பாமல் ஏழெட்டுப் பேரைச் சேர்த்து ஒரு நாட்டை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். அரைகுறையாக விட்ட நாடு பத்து டர்னில் பழையபடி மாறிவிடும்.

படையெடுப்பு வெற்றிக்கு எல்லாருடைய மூலத் தலைநகரங்களும் உங்கள் கைக்கு வந்தால் போதும், மற்ற நகரங்களை எல்லாம் பிடித்துக்கொண்டு அலைய வேண்டாம். அங்கேதான் பலர் டர்னை வீணாக்குகிறார்கள். எதிரியிடம் இல்லாத ஆயுதம் உங்களிடம் இருக்கும் காலத்தில் மட்டும் அடியுங்கள். ஹெவி சேரியட்டுகளை மலிவாகக் கட்டிவைத்து, ஸ்டிரப்ஸ் டெக் வந்ததும், மேம்படுத்தும் செலவைப் பாதியாக்கும் ப்ரொஃபஷனல் ஆர்மி கார்டைப் போட்டு மொத்தமாக நைட்டாக மாற்றினால், இரும்பு மட்டும் போதுமான அளவு இருந்தால், ஒரே டர்னில் ஒரு படை தயார். பிற்காலத்தில் ஆர்ட்டிலரியோடு அப்சர்வேஷன் பலூன் சேர்ந்தால் 3 கட்டத் தூரத்திலிருந்து சுடும், நகரம் 2 கட்டம் வரைதான் திருப்பிச் சுடும், ஆகவே அடி வாங்காமலே சுவரை இறக்கலாம். கிரேட் ஜெனரல் பக்கத்தில் நின்றால் அவர் காலத்துப் படைக்கு 5 பலமும் ஒரு நகர்வும் கூடும். வேகமான ஸ்பீடில் ஆடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஆன்லைன் வேகத்தில் கட்டுவது இரண்டு மடங்கு வேகம், ஆனால் படை நடக்கும் தூரம் அதேதான், எதிரி நாட்டைச் சென்றடைவதற்குள் உங்கள் ஆயுதம் பழசாகிவிடும். சண்டை பிடிக்கும் என்றால் ஸ்டாண்டர்ட் அல்லது அதைவிட மெதுவான வேகம் எடுங்கள்.

டிப்ளமாட்டிக் வெற்றிக்கு 20 புள்ளி வேண்டும், உலக மாநாடு 30 டர்னுக்கு ஒருமுறைதான் கூடும், மாநாட்டை எதிர்பார்த்துக் காத்திருப்பதே வேலையாகிவிடும். டர்ன் எண்ணிக்கை குறைய வேண்டும் என்பவர்களுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

"வேகம்" என்று நீங்கள் கேட்டது டர்ன் கணக்கா, மணிக்கணக்கா என்பதும் ஒரு விஷயம். மணிக்கணக்கு என்றால் அமைப்பில் குயிக் காம்பாட், குயிக் மூவ்மென்ட் (சண்டை, நகர்வுக் காட்சிகளைத் தவிர்ப்பவை) இரண்டையும் போடுங்கள், டைனி வரைபடத்தில் 4 நாடு அல்லது ஸ்மாலில் 6 நாடு வையுங்கள், உற்பத்தி வரிசையில் ஐந்தாறு பொருளை ஒரேயடியாக அடுக்கிவிடுங்கள். ஸ்டாண்டர்ட் வரைபடத்தின் 8 நாடுகளோடு ஒப்பிட்டால் ஒவ்வொரு டர்னிலும் காத்திருப்பு நன்றாகவே குறையும். மத வெற்றியும் கலாசார வெற்றியும் படையெடுப்பும் நாடுகள் குறையக் குறைய டர்ன் கணக்கிலும் சுருங்கும்.

இதையெல்லாம் ஒரே ஆட்டத்தில் முயன்று பார்க்க வேண்டாம், குழம்பிப்போகும். நான் கற்றுக்கொண்ட விதம் இதுதான்: ஒரு வரைபடத்தைத் தொடங்கி முதல் டர்னிலேயே சேவ் செய்துகொண்டு 100-ஆவது டர்ன் வரை மட்டும் ஆடினேன். நகர எண்ணிக்கை, அறிவியல், கலாசாரம் மூன்றையும் குறித்துக்கொண்டு, அதே சேவிலிருந்து திரும்ப 100 டர்ன். மூன்றாவது சுற்றில் 5 நகரம் 9 ஆனது. அந்த மூன்றாவது சுற்றைத் தொடர்ந்து ஆடியபோது அறிவியல் வெற்றி 228-இல் வந்தது, அதற்கு முந்தைய ஆட்டம் 341. இந்த வார இறுதியில் அப்படி ஒரு வரைபடத்தை எடுத்து முயன்று பாருங்கள். 100-ஆவது டர்ன் சேவில் எத்தனை நகரம், எத்தனை கேம்பஸ், டர்னுக்கு எவ்வளவு அறிவியல் என்று எழுதினால் எங்கே இழுக்கிறது என்று சேர்ந்து பார்க்கலாம்.